வலிப்பு மருந்தை வடித்துவிடும் டயாலிசிஸ்

மழைக்காலம் வந்துவிட்டால் கேரளத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர் எலிப்பனி. தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சல் என்பார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வரும் இந்தக் காய்ச்சல் முற்றினால் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிடும். அப்புறம் டயாலிசிஸ்தான். அந்த நிலையில் சிலருக்கு வலிப்பும் வந்துவிட்டால் டாக்டர்கள் பாடு பெரும்பாடு.

1951ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு உள்ளூர் மக்கள் மட்டுமா வருகிறார்கள்? 1956ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தவர்களுக்குப் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம்தான். பக்கத்திலேயே ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே 1995லேயே வலிப்பு நோய்க்கு மூளையில் ஆபரேஷன் தொடங்கிவிட்டது. 1998ல் வலிப்பு நோய்க்கென்றே ஆர். மாதவன் நாயர் மையமும் ஏற்பட்டது.

வலிப்புக்குத்தான் மருந்து இருக்கிறதே, கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

லெவெடிராசெட்டாம் என்ற மருந்தைப் பார்க்கலாம். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தாராளமாகப் புழங்குவது. உள்ளே போவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படியே சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகம் நின்றுபோனால் மருந்து தேங்கும். நோயாளி தூங்கி வழிவார். நோயினால் மயக்கமா, மருந்தினால் மயக்கமா என்று வீட்டார் மட்டுமல்ல, டாக்டரும் திகைக்க வேண்டியதுதான். சரி, அளவைக் குறைத்தாயிற்று. நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்து பார்த்தால், உடம்பிலிருந்த மருந்தில் சுமார் பாதியை இயந்திரம் வடித்துக்கொண்டு போயிருக்கும்! அடக்கி வைத்த வலிப்பு மீண்டும் தலைதூக்கலாம். ஆகவே டயாலிசிஸ் நோயாளிக்கு நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், டயாலிசிஸ் முடிந்ததும் கூடுதலாக 250 முதல் 500 என்பது வழக்கமான கணக்கு.

ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவர்களுக்கு நாலு மணி நேர டயாலிசிஸ் தாங்காது. அவர்களுக்கு இரவும் பகலும் மெதுவாக ஓடும் இயந்திரம். அது ஓயாமல் மருந்தை எடுத்துக்கொண்டே இருக்கும். ‘சிறுநீரகம் போன ஆள்தானே’ என்று ஒருவேளை மருந்தோடு நிறுத்தினால் போதாமல் போகும். இருவேளையும் கொடுக்க வேண்டிவரும். ஆனால் குழாயில் ரத்தம் உறைந்து இயந்திரம் நின்றுவிட்டால், அதே அளவு அதிகமாகிவிடும். இயந்திரத்தின் போக்கைப் பார்த்து மருந்துச் சீட்டையும் மாற்ற வேண்டும்.

1938 முதல் வலிப்புக்குக் கைகொடுத்துவரும் பெனிட்டாயினின் குணமே வேறு. ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தை அது கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்துதான் தனித்து நின்று வேலை செய்யும். இதை டயாலிசிஸ் அவ்வளவாக அசைப்பதில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறில் ஆல்புமின் குறையும். அதன் பிடியும் தளரும். தனித்து நிற்பது இருபதாகிவிடலாம். அப்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 8 என்று வந்தால், 10 முதல் 20 வரை இருக்க வேண்டியதாயிற்றே என்று பதறி மருந்தைக் கூட்டக் கூடாது. எட்டில் ஐந்தில் ஒரு பங்கு 1.6. மற்றவர்களுக்கு 16 இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கும் அதே 1.6தான்! தனித்து நிற்கும் மருந்தை மட்டும் அளக்கும் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை என்பதுதான் சங்கடம்.

எல்லா வலிப்பும் மருந்துக் குறைவால் வருவதல்ல. சோடியம், கால்சியம் குறைந்தாலும், ரத்த அழுத்தம் எகிறினாலும் வரும். சிறுநீரகம் நின்ற நிலையில் அளவு மீறிய சில ஆன்டிபயாடிக் மருந்துகளாலும் வரும். கைகால் உதறாமலே மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடுவதும் உண்டு. அதை ஈ.ஈ.ஜி. எடுத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிழைத்து வீடு திரும்புகிறவர்களில் சிலர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்துபோக வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரையை அதிகாலையிலேயே விழுங்கிவிட்டுக் களியக்காவிளையில் பஸ் ஏறினால், அதில் பாதிகூட இயந்திரத்துக்குப் போய்ச் சேரலாம். டயாலிசிஸ் நாளில் எந்த மாத்திரை முன்னே, எது பின்னே என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். பின்னே என்றால், மாத்திரையைப் பையில் வைத்திருந்து, ஊசியை எடுத்ததும் அங்கேயே விழுங்கிவிட்டு பஸ் ஏறலாம்.