அம்பர் லாகர்: நிறத்துக்கு அப்பால் நடுவர்கள் தேடுவது என்ன?

செம்பழுப்பு நிறமே அம்பர் லாகர் பியருக்கு அந்தப் பெயரைத் தந்தது. ஆனால் அதை மதிப்பிடும் நடுவர்கள் நிறத்தைப் பெரிதாக நம்புவதில்லை. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாளில், மொத்தமுள்ள 50 மதிப்பெண்களில் தோற்றத்துக்கு 3 மட்டுமே. மணத்துக்கு 12, சுவைக்கு 20.

இதற்குக் காரணம் உண்டு. 1841ஆம் ஆண்டு வியன்னாவுக்கு அருகே அன்டன் ட்ரெஹர் இவ்வகை பியரைத் தயாரித்தபோது, முளைகட்டிய பார்லியை இதமான சூட்டில் உலர்த்தியதால் நிறமும் வந்தது, வாட்டிய ரொட்டியை நினைவூட்டும் சுவையும் வந்தது. இன்றோ கருக வறுத்த பார்லியைச் சிறிதளவு சேர்த்தே நிறத்தைப் பெற்றுவிடலாம். அந்தச் சுவை அப்படி வராது. காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாடை வீசினால், வியன்னா வகையில் அது குறையாகவே கருதப்படுகிறது.

இன்னும் பெரிய குறை, வெண்ணெய் வாசனை. நொதித்தலின்போது உருவாகும் டைஅசிட்டைல் என்ற பொருளே இதற்குக் காரணம். ஈஸ்ட் அதைத் தானே மீண்டும் உட்கொண்டு அகற்றிவிடும் என்றாலும், அதற்கு அவகாசம் தேவை. அதன் பின்னர் கடுங்குளிரில் வாரக்கணக்கில் பியர் முதிரவும் வேண்டும். ஒருசில தொட்டிகளையே வைத்திருக்கும் சிறிய ஆலைக்கு, ஒரு தொட்டி அத்தனை நாள் முடங்குவது வருமான இழப்பு. அவசரப்படும் ஆலையை வெண்ணெய் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

மிகக் குளிர்ந்த பியரில் மணம் அடங்கிவிடுவதால், குளிர் சற்றுத் தணிந்த பின்னரே நடுவர்கள் முகர்கின்றனர், பிறகு பருகுகின்றனர். ஹாப்ஸின் மெல்லிய கசப்பு விழுங்கிய பிறகே முழுமையாகத் தெரியும் என்பதால், ஒயின் சுவைப்போரைப் போல இவர்கள் துப்புவதில்லை.