முள் சிவப்பைத் தொட்டால்...

சமையலும் பிள்ளை வளர்ப்பும் வருகிற பக்கத்தில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது முதல் மாமியாரைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போவது வரை, எங்கள் தூத்துக்குடியில் இப்போது பல வீடுகளில் ஸ்டீயரிங் நம் கையில்தான். சித்திரை வெயிலில் உப்பளங்களுக்கு நடுவே வண்டி பொசுக்கென்று நின்றால், பின் ஸீட்டில் குழந்தை அழும். நமக்குக் கை பரபரவென்று பானெட்டைத் திறக்கப் போகும். ஆபத்து அங்கேதான்.

ரேடியேட்டர் வேறொன்றுமில்லை, நம் பிரஷர் குக்கர்தான். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. ஆவி அடங்காத குக்கரைத் திறப்போமா? சூட்டோடு அந்த மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற வேண்டும். அதுவரை குழந்தையை மூடிய காருக்குள் வைக்க வேண்டாம். தப்பித் தவறி யார் மேலாவது பட்டுவிட்டால் 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். பேஸ்ட், தோசை மாவு எதுவும் பூசாமல் டாக்டரிடம் போங்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் கேட்பது ஒன்றுதான்: "யக்கா, வண்டி நிக்கும்போது முள்ளு எங்க இருந்துச்சுன்னு பாத்தியளா?" பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும். ரயில்வே கேட்டில் காத்திருக்கையில் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் விசிறி சுற்றவில்லை என்று சந்தேகப்படலாம். வேகமாகப் போகையில் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கும், இல்லை ரேடியேட்டர் அடைத்திருக்கும். எஞ்சின் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் அதில் கலக்கிறது. அப்புறம் சாவியைத் தொடவே கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

முள் நடுவிலேயே நிற்கிறது, வண்டி மட்டும் அணைந்து, ஆறியதும் சமர்த்தாகக் கிளம்புகிறதா? அது வேறு நோய். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றுவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் போடுவோமே, அதே வைத்தியம்! இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் ரிஸர்விலேயே ஓட்டுகிற சிக்கனக்காரர்கள் கவனிக்கவும். சூட்டில் சுணங்குகிற சென்ஸார் என்றால் ஒர்க்ஷாப்பில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஓட்டும்போதே முள் ஏறுகிறதா? ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஹீட்டரா என்று சிரிப்பு வரும். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஓரங்கட்டும்வரை அது தாங்கும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. பக்கத்துக் கிணற்றில் மொண்டு ஊற்றிவிடாதீர்கள். வெந்நீர் அண்டா அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டர் குழாயிலும் படியும். உப்போ உலோகத்தையே அரித்துவிடும். வேறு வழியில்லாமல் ஊற்றியிருந்தால் அந்த வாரமே கழுவச் சொல்லுங்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் டிக்கியில் இருக்கட்டும். எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

கலர் கலராக வரும் கூலன்ட்டை மட்டும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் வீட்டுக்காரருக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.