வீண்விரயம் தவிர்ப்போம், பரக்கத் பெறுவோம்



2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அவ்வேகம் தணிந்தபோதிலும், ஏறிய விலைகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளவில்லை. எனவே, குப்பைக்குச் செல்லும் ஒரு பிடி சோறும் கடைக் கொப்பியில் ஏறும் கடனேயாகும்.

திருக்குர்ஆனின் 25:67ஆம் வசனம், வீண்விரயத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் இடைப்பட்ட நடுநிலையை நல்லடியார்களின் பண்பாக எடுத்துரைக்கின்றது. அந்நடுநிலையைக் கடைத்தெருவில் பேணுவது எவ்வாறு?

முதலாவதாக, வீட்டிலுள்ளவற்றைப் பார்த்த பின்னரே பட்டியல் எழுதுங்கள். பசியோடு கடைக்குச் செல்லாதீர்கள். நோன்பு காலத்து மாலை வேளைகளில் இது மிகவும் அவசியமாகும்.

இரண்டாவதாக, பொதியின் விலையையன்றி நிறைக்குரிய விலையை ஒப்பிடுங்கள். 200 கிராம் பொதி 180 ரூபா, 500 கிராம் பொதி 475 ரூபா எனக் கொள்வோம். 100 கிராமுக்கு முறையே 90, 95 ரூபா ஆகின்றது. பெரிய பொதி எப்போதும் மலிவானதன்று.

மூன்றாவதாக, காலாவதித் திகதியைக் கவனியுங்கள். பழைய பொருளை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் காற்றோட்டமுள்ள இடத்தில் வெவ்வேறாக வையுங்கள்.

இவ்வாறு மீதமாகும் பணம் சிறிதாயினும், அது பிள்ளையின் பாடப் புத்தகமாகலாம். பசித்திருக்கும் அயலவரின் ஒருவேளை உணவாகலாம்.

வல்ல அல்லாஹ் நம் செல்வத்தில் பரக்கத் செய்வானாக!