சொந்த மைதானம் இல்லாத வாகையர்

கால்பந்தாட்டத்திற்கு வேண்டியவை ஒரு பந்தும் ஒரு திடலுமே என்பர். பந்து எளிதில் கிடைத்துவிடும், திடல்தான் கிடைப்பதில்லை. இக்குறை பள்ளிச் சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. சம்பளம் கொடுத்து அயல்நாட்டு வீரர்களை வரவழைக்கும் தொழில்முறைக் கழகங்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்குச் சான்று, சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் கதையாகும்.

2016–17 பருவத்தில் இக்கழகம் ஐ-லீக் போட்டியில் அடியெடுத்து வைத்தது. ஆடியது சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில். அரங்கு அரசினுடையது. 2014 முதலே சென்னையின் எஃப்.சி. அங்கே ஆடி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்! அடுத்த பருவத்திலேயே சென்னை சிட்டி கோவை நேரு விளையாட்டரங்கிற்குக் குடிபெயர்ந்தது. பெயரோ சென்னை, ஆடுவதோ கோவை. வேடிக்கையாகத் தோன்றினும், அந்த வாடகை வீட்டில்தான் அதற்கு நல்ல காலம் பிறந்தது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என வென்று, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் வாகை சூடியது. ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாசின் திட்டமும் பெட்ரோ மான்சியின் 21 கோல்களும் அவ்வெற்றியின் இரு தூண்கள் எனலாம்.

வாகை சூடிய பின்னரும் வீடு அமையவில்லை. 2020 மார்ச் 11 அன்று, ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியைத் தன் 'சொந்த மைதானத்தில்' சந்தித்து 2–2 எனச் சமன் செய்தது. அந்தச் சொந்த மைதானம் சென்னையிலும் இல்லை, கோவையிலும் இல்லை, அகமதாபாத்தில் இருந்தது! 2020–21 பருவத்திற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அப்பெயரையே காணோம். மைதானம் இல்லாமை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் நுழைவுச் சீட்டு, விளம்பரப் பலகை, தின்பண்டக் கடை ஆகியவற்றின் வருவாயை நம்பி வாழும் கழகத்திற்கு, அடுத்த ஆண்டு எந்த ஊரில் ஆடுவோம் என்பதே தெரியாவிடில் கணக்கு எங்ஙனம் நேராகும்?

இத்தகைய கழகம் ஒன்று நாளை நம் மதுரைக்கு வந்து இடம் கேட்டால் எங்கே காட்டுவோம்?

ஆடுகளம் என்னவோ சிறியதுதான். பன்னாட்டு அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். மாலை வெயில் கோல்காவலர் கண்ணில் அடிக்காதபடி வடக்குத் தெற்காக அமைய வேண்டும். பார்வையாளர் படிக்கட்டு, உடைமாற்றும் அறை, வண்டி நிறுத்தம், அவசர வழி எல்லாம் சேர்ந்தால் பத்துப் பதினைந்து ஏக்கராவது தேவை. மேலூர்ப் பக்கம் பெரியாற்று நீர் பாயும் வயல்கள். அவற்றைக் கேட்பது பாவம். திருமங்கலம் பக்கம் கரிசல். கோடையில் பிளக்கும், மழையில் குழையும். எஞ்சியவை கண்மாய்கள். வறண்டு கிடக்கும் கண்மாயைக் கண்டால் நம்மவருக்கு உடனே கட்டடம் நினைவுக்கு வந்துவிடும். 2004-இல் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளை எழுந்த இடம் உலகனேரி. ஏரி இன்று பெயரில் இருக்கிறது. தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை என்பதை 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் பெருகித் தெருக்களில் புகுந்தபோது கண்டோம். மைதானத்தைக் கண்மாயில் கட்டினால் முதல் ஐப்பசியிலேயே நீச்சல் போட்டி நடத்தலாம்.

ஊருக்கு வெளியே கட்டலாமே என்பார்க்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் (இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர் அன்று) 66 ஏக்கரில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஏறுதழுவுதல் அரங்கம் கட்டி 2024 சனவரி 24 அன்று திறந்தனர். கட்டடம் கம்பீரமானது. ஆனால் அலங்காநல்லூரின் பொங்கல் சல்லிக்கட்டு அங்கே போகவில்லை. பழைய வாடிவாசலிலேயே நடக்கிறது. காளைக்கும் வீரனுக்கும் எந்தத் திடலும் போதும். ஊராருக்குத் தங்கள் கோயிலும் தெருவும் வேண்டும். கால்பந்துக்கு முனியாண்டி கோயில் தேவையில்லை எனினும், ஆட்டம் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்ப ஒரு நகரப் பேருந்து கட்டாயம் தேவை.

ஆகவே என் விரல் சுட்டுவது ரேஸ் கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கைத்தான். ஊருக்குள் இருக்கிறது, நடந்தும் போகலாம். 2025-இல் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் மதுரைக்கு வந்தபோதும் அந்த வளாகம்தான் கைகொடுத்தது. தடை ஒன்றுதான். கால்பந்துக் களத்தைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை கிடப்பதால் பார்வையாளர் கோலிலிருந்து வெகுதூரம் தள்ளி உட்கார வேண்டும். பாதையைப் பெயர்த்துவிட்டுப் படிக்கட்டை நெருக்கிக் கட்டலாம்தான். ஆனால் விடியற்காலையில் அங்கே ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் வேறோர் ஓடுபாதையைக் காட்டிவிட்டு, அதன் பிறகே கால்பந்துக்காரர் அந்த இடத்தைக் கேட்க வேண்டும்.