படம் எடுத்தவருக்கா, பணம் கொடுத்தவருக்கா?

வார நாள்களில் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ கணினி வேலை. முகூர்த்த நாள் வந்தால் தோளில் கேமரா பை. பெங்களூரில் இப்படி இரண்டு வேலைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் தமிழர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போவோம். அதைப் பார்த்த ஒருவர் தன் மகளின் வளைகாப்புக்குக் கூப்பிடுவார். அடுத்த வருடம் கல்யாண ஆர்டர் வரும். கூப்பிடுகிறவர் தெரிந்தவராக இருப்பார், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். ‘நம்ம தம்பிதானே’ என்று பேச்சிலேயே எல்லாம் முடிந்துவிடும். எழுத்தில் ஒரு வரி இருக்காது. பகுதிநேரப் புகைப்படக்காரர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில், பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் ஒரு சட்ட விஷயம். நாம் எடுத்த படம் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். பொதுவாக அது சரிதான். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு விதி வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. கல்யாணப் படம், குழந்தைப் படம், ஓட்டல் மெனுவுக்கு எடுத்த தோசைப் படம் எல்லாம் இதில் அடங்கும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போடுகிறீர்கள், போட்டிக்கு அனுப்புகிறீர்கள், ஒரு பத்திரிகைக்கு விற்கிறீர்கள். எழுத்தில் அனுமதி இல்லையென்றால் நீங்கள்தான் உரிமையை மீறியவர்.

‘மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்தச் சிறு நிபந்தனைதான் நமக்குப் பிடி. ஒரே ஒரு பக்கம் போதும். பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும். குடும்பத்தார் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அச்சிடலாம், பகிரலாம். புகைப்படக்காரர் தன் மாதிரித் தொகுப்பில் இன்னின்ன படங்களைக் காட்டலாம். இந்த மூன்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் நிலைமை மாறிவிடும். உரிமை எத்தனை காலத்துக்கு என்று தெரிந்தால் இதன் மதிப்பு புரியும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பேரப் பிள்ளைகள் காலம் வரை நிற்கும் சொத்தைத் தொலைபேசிப் பேச்சில் கைவிட வேண்டாம்.

நிறுவனங்களுக்கு வேலை செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் நீட்டும் தாளில் ‘அனைத்து உரிமைகளும் மாற்றித்தரப்படுகின்றன’ என்று இருக்கும். கையெழுத்திடுவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். உரிமை மாற்றத்தில் காலமோ எல்லையோ குறிப்பிடாமல் விட்டால், 19ஆவது பிரிவுப்படி அது 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும் என்று கொள்ளப்படும். உரிமையே கைமாறினாலும், படத்தை எடுத்தவர் நீங்கள் என்று உரிமை கோரவும், உங்கள் பெயரைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்த உரிமையை உரிமை மாற்றம் பறிப்பதில்லை.

படம் திருடுபோனால் என்ன செய்வது? ஒரு மண்டபமோ அழகுநிலையமோ உங்கள் படத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டிருக்கும். முதல் வேலை, கோபத்தில் கமென்ட் போடுவது அல்ல. முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள். உங்கள் ரா ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். எழுத்துப்பூர்வ புகார் முறையாக வந்தால் இணைய இடைத்தரகரான அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2013 பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. அந்தத் தடை 21 நாள் மட்டுமே. அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் அவர்கள் திரும்பவும் திறந்துவிடலாம். இதை மறந்துவிடாதீர்கள்.

வழக்கு என்று வந்தால், எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க 62ஆவது பிரிவு வழிசெய்கிறது. பெங்களூரில் இருந்துகொண்டு டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. தெரிந்தே உரிமையை மீறுவது குற்றமும்கூட: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஸ்டேஷனில் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் காலண்டராகவோ புத்தகமாகவோ விற்கப்போகும் முக்கியமான படங்களுக்குப் பதிவு நல்ல ஆதாரம். விண்ணப்பத்தை இணையத்திலேயே கொடுக்கலாம்.

அடுத்து, பணம். நிலுவை என்பது இந்தத் தொழிலின் தீராத நோய். குடும்ப நிகழ்ச்சிகளில் நான் கடைப்பிடிப்பதும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதும் இதுதான்: தேதியை உறுதிசெய்ய ஒரு பங்கு, நிகழ்ச்சி நாளில் கேமராவை எடுக்கும் முன் பெரும் பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. நிகழ்ச்சி ரத்தானால் எந்தப் பங்கு திரும்பும், எது திரும்பாது என்பதையும் அந்த ஒரு பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ரிசப்ஷன் இரவு நீண்டுபோனால் கூடுதல் மணிக்கு எவ்வளவு, எத்தனை படம் திருத்தித் தருவோம், எத்தனை நாளில் தருவோம், ரா ஃபைல் உண்டா இல்லையா என்பதும் வேண்டும். உறவுக்காரரிடம் தாள் நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். பிறகு நடக்கும் மனஸ்தாபத்தைவிட அந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

அலுவலக விழா, பொருள் விளம்பரம் என்று நிறுவனங்களுக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு வலுவான கருவி இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ‘உத்யம்’ தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டால் நீங்களும் ஒரு குறுந்தொழில்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இதற்கான அரசுத் தளத்தில் மனு கொடுத்தால் அது மாநிலக் குழுவின் விசாரணைக்குப் போகும். வேலையை ஏற்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாக்கி விழுந்த பிறகு பதிவுசெய்தால் பலன் கிடைப்பது கடினம். காசோலை திரும்பினாலும் அதோடு போயிற்று என்று விடாதீர்கள். வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாள்கணக்கு தவறினால் வழக்கே பலவீனமாகிவிடும்.

ஒரு மோசடியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன் என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருவர் அழைப்பார். நிகழ்ச்சிக்குப் படம் எடுக்க வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார். பணம் வாங்க ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்தவர்கள் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். கேமராவையும் லென்ஸையும் வாடகைக்கு விடுகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆதார் நகலை மட்டும் நம்பிக் கொடுத்த கருவி அடகுக்கடைக்குப் போன கதைகள் இந்த நகரில் நிறைய. சீரியல் எண்ணையும் பில்லையும் எப்போதும் தனியே வைத்திருங்கள். கருவிக்கெனத் தனிக் காப்பீடு எடுங்கள்.

நமக்கு உரிமை இருப்பதுபோல எதிரில் நிற்பவருக்கும் உண்டு. ஆல்பம் தராமல் இழுத்தடித்த, மெமரி கார்டைத் தொலைத்த புகைப்படக்காரர்கள் மீது நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு விதித்து வருகின்றன. புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு. தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா, அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல், இவை இல்லாமல் கல்யாண ஆர்டரை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தனியுரிமை விஷயத்தில் நம் ஊரில் நடந்ததைப் பார்ப்போம். 2025 மே மாதம், நம்ம மெட்ரோவில் பெண்களை அவர்கள் அறியாமல் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்தவர் கைதானார். அதே ஆண்டு ஜூலையில் சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்துபோன பெண்களை வீடியோ எடுத்து வெளியிட்டவரும் கைதானார். ஒரு மாணவி தனக்கு ஆபாசச் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன என்று வெளியில் சொன்ன பிறகுதான் அந்த விஷயம் பலருக்கும் தெரியவந்தது. பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆனால் முகம் தெரியும் ஒருவரை, அதுவும் பெண்ணையும் குழந்தையையும், கேட்காமல் வெளியிடுவது கலை ஆகாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்புக்குக் காரணமான புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி, இதே ஊரில் வாழ்ந்தவர். அந்தத் தீர்ப்பு கேமரா பிடிக்கும் நமக்கும் பொருந்தும்.

ட்ரோன் இன்று கல்யாண வீட்டாரின் ஆசை. பெங்களூரில் அது எளிதல்ல. தேவனஹள்ளி விமான நிலையம், எச்.ஏ.எல்., யெலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் என்று நகரைச் சுற்றி ஓடுதளங்கள். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் பறக்கவே அனுமதி வேண்டும். அதற்குள் இன்னும் கடுமை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசுக்கு ஓட்டுபவருக்குப் பதிவு எண்ணும் பைலட் சான்றிதழும் கட்டாயம். மீறினால் அபராதம் 1 லட்சம் வரை. வரைபடத்தைப் பார்க்காமல் ஆர்டரில் ட்ரோனைச் சேர்க்காதீர்கள். லால்பாக், கப்பன் பூங்காவில் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்றால் தோட்டக்கலைத் துறையிடமும், திப்பு கோடைக்கால அரண்மனையில் ட்ரைபாட் வைப்பதென்றால் தொல்லியல் துறையிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னொன்று. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னது. இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்து, அக்டோபரில் முன் அனுமதியோடு வெளி வேலை செய்யலாம் என்றது. ஸ்விக்கி அதற்கும் முன்பே அனுமதித்துவிட்டது. மூன்றும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டவை. மூன்றுக்கும் மூன்று விதி. ஆகவே நண்பரின் அலுவலகத்தில் நடப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பணி நியமனக் கடிதத்தைப் படியுங்கள், மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள், அலுவலக மடிக்கணினியில் கல்யாணப் படம் திருத்தாதீர்கள். கேமரா வருமானத்தை வரிக் கணக்கில் தொழில் வருமானமாகக் காட்டுங்கள். மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் சேரும்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்று யாரும் உரிமையை விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் இருப்போருக்கும் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100. அடுத்த ஆர்டருக்குத் தேதி சொல்வதற்கு முன், அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.