மதுமேக சிகிச்சை: விலையும் பயனும்

சித்தூரிலும் திருப்பதியிலும் மதுமேக நோயாளிக்குச் சிகிச்சையின் வாயில்கள் பல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்பார்மின் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையம் திருப்பதியில் உள்ளது. சித்தூர்வாசிகள் எல்லை கடந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதும் உண்டு. வாயிலுக்கு வாயில் செலவு மாறுகிறது. பயனும் அவ்வளவுக்கு மாறுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

சிகிச்சையால் நோயாளி நலத்துடன் வாழும் காலம் எத்தனை ஆண்டு கூடுகிறது, அவ்வாறு கூடும் ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு யாது என்று கணிப்பது நிபுணர் கைக்கொள்ளும் முறையாகும். பிரிட்டனில் இதற்கென ஒரு நிறுவனம் 1999-ல் ஏற்பட்டது. நம் நாட்டில் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017-ல் இத்தகைய அமைப்பு உருவாயிற்று.

டாக்டர் ஏ. ராமசந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்குகொண்டனர். தனிக் கவனிப்பு பெறாதவருள் மூன்று ஆண்டுகளில் நோயுற்றோர் நூற்றுக்கு 55. உணவும் உடற்பயிற்சியும் ஒழுங்குசெய்யப்பட்டவருள் 39.3, மெட்பார்மின் உண்டவருள் 40.5. ஒருவரை நோயினின்று காக்க ஆன செலவு முதல் முறையில் 1,052 டாலர், இரண்டாவதில் 1,095 டாலர். இரண்டையும் சேர்த்தபோது நோயுற்றோர் 39.5, செலவோ 1,359 டாலர். பயன் கூடவில்லை, செலவே கூடிற்று.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். பக்தர் பலர் பாதரட்சையின்றி ஏறுகின்றனர். நெடுநாள் மதுமேகத்தால் பாத நரம்பின் உணர்ச்சி மங்கியவர் கல் குத்தியதையோ, வெயிலில் காய்ந்த படியின் சூட்டையோ அறியமாட்டார். அறியாத கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, காலையே வெட்ட நேரிடுவதுண்டு. இவ்வுணர்ச்சிக் குறைவைக் கண்டறியும் கருவி, 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழை மட்டுமே! அதைப் பாதத்தில் அழுத்தி, நோயாளி உணர்கிறாரா என்று கேட்கச் சில நிமிடம் போதும். கால் இழந்த தொழிலாளியின் ஆஸ்பத்திரிச் செலவோடு, போன கூலியையும் கூட்டிப் பார்த்தால், இவ்விழைக்கு ஈடான மருந்து அரிது.

ஆயினும் செலவை ஏற்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கணக்கு வேறாகிறது. ஆந்திரத்தில் 2007-ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம், அறுவை முதலிய பெருஞ் சிகிச்சைகளை முதன்மையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. தனியார் கடையில் மாதந்தோறும் வாங்கும் மாத்திரையோ குடும்பத்தின் பணப்பையைத் தொடுகிறது. நகர்ப்புற ஏழை நோயாளி வருமானத்தில் நூற்றுக்கு 34 பங்கையும், கிராமத்து ஏழை 27 பங்கையும் இந்நோய்க்குச் செலவிடுவதாக 2007-ல் வெளியான இந்திய ஆய்வொன்று கண்டது.

விலையும் நிலையானதன்று. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் எம்பாகிளிப்ளோசின் மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரை, வேறு கம்பெனிகளின் தயாரிப்பில் 10 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. பழைய விலையில் கட்டுப்படியாகாது என ஒதுக்கப்பட்ட இம்மருந்தின் கணக்கைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.