பயிரைக் காக்கும் பூசணம்

பூசணம் என்றால் நம் அங்கத்தினர்களுக்கு நல்லெண்ணம் கிடையாது. மழைக்காலத்தில் கஞ்சியிட்ட பாவில் அது பூத்தால் நெசவாளருக்கு நஷ்டம். வயலில் வேரைப் பற்றினால் விவசாயிக்கு நஷ்டம். ஆயினும் பூசணங்களிலும் பகையுண்டு, நட்புமுண்டு. தீய பூசணத்தை அழித்துப் பயிரைக் காக்கும் ‘டிரைக்கோடெர்மா’ என்னும் பசுமை நிறப் பூசணத்தைப் பற்றியும், அதனைச் சங்கங்கள் கையாள வேண்டிய முறை பற்றியும் இங்கே சில கூற விரும்புகிறோம்.

துணியை அரித்த குலம்

இப்பூசணக் குலத்துக்கும் துணிக்கும் பழைய தொடர்பு உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பசிபிக் சமுத்திரத்துச் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் இற்றுப் போயின. அவ்வாறு இற்ற துணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூசணம் ஒன்று டிரைக்கோடெர்மா குலத்தைச் சேர்ந்தது. பருத்தி நாரைக் கரைக்கும் என்ஸைம்களை அது ஏராளமாகச் சுரந்தது. அதனை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பாரின் நினைவாகப் பின்னர் ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயரிட்டனர். ஜீன்ஸ் துணியை மென்மைப்படுத்தவும் இதன் என்ஸைம் இன்று உதவுகிறது.

துணியை அரிக்கும் இந்தக் குலமே செடிக்குத் துணையாவது எங்ஙனம்? 1932-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் வைண்ட்லிங் என்னும் விஞ்ஞானி, இக்குலத்துப் பூசணமொன்று மண்ணிலுள்ள மற்றப் பூசணங்களைப் பற்றி உண்பதைக் கண்டு எழுதினார். பயிர்ப் பாதுகாப்பில் இதனைப் பயன்படுத்தும் எண்ணத்துக்கு அதுவே வித்தாயிற்று.

வேரடியில் நடப்பது

பருத்தியில் வேரழுகல் நோயை அறியாத விவசாயி இல்லை. செழித்து நின்ற செடி திடீரென வாடும். இழுத்தால் எளிதில் கையோடு வரும். வேர்ப்பட்டை நார்நாராய் உரியும். நோயை உண்டாக்கும் பூசணம் நுண்ணிய கரிய மணிகளாக மண்ணில் நெடுநாள் தங்கியிருந்து, சமயம் பார்த்து முளைக்கும். இலைமீது மருந்து தெளிப்பதால் இப்பகை ஒழிவதில்லை.

டிரைக்கோடெர்மாவோ வேரடியிலேயே வளர்ந்து, இடத்தையும் உணவையும் தான் முந்திக் கைக்கொள்கிறது. பகைப் பூசணத்தின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரைக் கரைத்து உட்புகுந்து உண்கிறது. செடியின் இயற்கையான எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது. நெல்லின் குலை நோய், இலையுறை அழுகல் ஆகியவற்றைக் குறைக்க ‘சூடோமோனாஸ் புளோரசன்ஸ்’ என்னும் பாக்டீரியா இவ்வாறே பயன்படுகிறது. அது மண்ணிலுள்ள இரும்புச் சத்தைக் கவர்ந்துகொண்டு, பகைக் கிருமிக்கு எட்டாமற் செய்துவிடும்.

உபயோகிக்கும் முறை

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கலந்து விதைத்தல் வேண்டும். மண்ணில் இடுவதற்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலக்க வேண்டும். ஏக்கருக்கு 1 கிலோ பொடியும் 20 கிலோ எருவும் என்று கொள்ளலாம். சூடோமோனாஸ் ஆயின் ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் போதும். அதனை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, விதையை இரவு முழுதும் ஊற வைக்கலாம்.

இரண்டு விஷயங்களை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, இது வருமுன் காப்பது. அழுகிய வேரை மீட்பதன்று. இரண்டாவது, கார்பன்டாசிம் போன்ற பூசணக்கொல்லியுடன் கலந்தால் நண்பனும் சேர்ந்து மடிவான். பூசணக்கொல்லி ஏற்றி விற்கப்படும் பாக்கெட் விதையாயின், எருவுடன் மண்ணில் இடும் முறையே பொருந்தும்.

சங்கத்தின் பொறுப்பு

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், தகரக் கூரையின் கீழ் உர மூட்டைகளின் மேல் இப்பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. பல பொட்டலங்கள் கெடு கடந்தவை. அங்கிருந்த அங்கத்தினர் ஒருவர், “போட்டுப் பார்த்தாயிற்று ஐயா, செடி பிழைக்கவில்லை. வெறும் மாவுங்க அது” என்றார். அவர் கூறியது பொய்யன்று. உயிர் நீங்கிய பின் எஞ்சுவது, பூசணத்தைத் தாங்கியிருந்த டால்க் மாவேயன்றி வேறில்லை. அதனை அவர் வாங்கியது பயிர்க்கடன் பணத்தில். செடி செத்தாலும் கடன் சாவதில்லை. அடுத்த பருவத்தில் நல்ல பொடி வந்தாலும் அவர் அதனை நம்பப் போவதில்லை. அவர் சொல்லைக் கேட்ட அயலாரும் நம்பப் போவதில்லை.

ஆகவே சங்கங்கள் இப்பொடியை உரம்போலக் கருதாமல் விதைபோலக் கருதுதல் வேண்டும். அங்கத்தினர்களின் தேவையை முன்கூட்டியே கேட்டறிந்து, அந்தப் பருவத்துக்கு வேண்டிய அளவே தருவிக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி ஆகியவற்றைப் பொட்டலத்தின் மீது பார்த்தே சரக்கை ஏற்க வேண்டும். டிரைக்கோடெர்மாப் பொடியின் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர் வித்துக்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெயில் படாத குளிர்ந்த அறையில், இரசாயன மருந்துகளை விட்டு விலக்கி வைக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் காலாவதி தேதிக்கென ஒரு பத்தி சேர்த்து, முதலில் காலாவதியாவதை முதலில் விற்க வேண்டும். கெடு கடந்ததை எக்காரணத்தாலும் விற்றலாகாது.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. கவனம் ஒன்றே தேவை. வாங்கும் அங்கத்தினர்களும் தேதியைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். அது விற்பனையாளரைச் சந்தேகிப்பதாகாது. தம் சங்கத்தைத் தாமே பேணுவதாகும். விதைப்புக்கு முன் கூடும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.